குடிக்கும் வீட்டில் தவிக்கும் பிள்ளை: குழந்தைகள் நலக் குழுவிடம் போவதற்கு முழுமையான வழிகாட்டி

என் தங்கை இறந்த பிறகு அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் எங்கள் அம்மாவிடம் சட்டப்படி கொண்டுவந்து சேர்க்க எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் தப்பான வாசல்களில் நின்றே போய்விட்டது. அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் சொல்லி வந்த ஏழெட்டுக் குடும்பங்களோடு நானும் கூடப் போய் வந்திருக்கிறேன். எல்லாரும் இடறுவது ஏறக்குறைய அதே இடங்களில்தான்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டில் நடக்கும் முறை. அடிப்படை, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம். அப்பா குடிக்கிறார் என்று வைத்துத்தான் எழுதுகிறேன். அம்மா குடித்தாலும், கஞ்சாவோ மாத்திரையோ ஆனாலும் குழுவிடம் போகும் வழி இதேதான்.

1. எந்த வாசல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பிள்ளைக்கு இந்த நிமிடமே ஆபத்து என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். 1098க்கு (குழந்தைகள் உதவி எண்) அல்லது 112க்கு (அவசர உதவி எண்) அழையுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்ற சந்தேகம் இருந்தால் அது போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின்கீழ் வரும் வழக்கு. நேரே காவல் நிலையம் போக வேண்டும். குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கும் விஷயம் அது இல்லை.

அவசரம் அந்த அளவுக்கு இல்லை என்றால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: குடிக்காத இன்னொருவர், அதாவது அம்மா, வீட்டில் இருக்கிறாரா? இருந்தால் பிள்ளையை வெளியே எடுக்கத் தேவையே இல்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் அடிக்கும் கணவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்ல மாஜிஸ்திரேட்டால் முடியும். பிள்ளைகளைத் தற்காலிகமாக அம்மாவின் பொறுப்பில் விடவும் அதே மனுவில் கேட்கலாம். இதற்கு மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க வேண்டும், அல்லது பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழைக்க வேண்டும். இது தெரியாமல், குடிக்கும் அப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு அம்மாவையும் பிள்ளைகளையும் தனித்தனி விடுதிக்கு அனுப்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தப்பு செய்யாதவர்கள் வீடிழந்து நின்றார்கள்.

அம்மா இல்லை, அல்லது அவராலும் பார்த்துக்கொள்ள முடியாது என்றால்தான் குழந்தைகள் நலக் குழு. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு குழு உண்டு. தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் இந்தக் குழுவுக்கும் உண்டு. எங்கே கூடுகிறது, எந்தெந்த நாள் கூடுகிறது என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

நாங்கள் செய்த தப்பு, முதலில் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனது. எங்கள் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், எல்லார் முன்னாலும் அழுது, இனிமேல் தொடமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. பிள்ளைகளை என் அம்மா தன் வீட்டுக்கு அழைத்துவந்த பத்தாம் நாள் மாப்பிள்ளை குடித்துவிட்டு வந்து இழுத்துக்கொண்டு போனார். காவல் நிலையத்தில், "பெத்த அப்பன்தானே, நாங்க எப்படித் தடுக்கிறது?" என்றார்கள். கையில் குழுவின் உத்தரவு இல்லாதவரை அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் கிடையாது.

2. குழு எதைப் பார்க்கும் என்று புரிந்துகொள்ளுங்கள்

குடிப்பதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. அரசே டாஸ்மாக்கில் விற்கிறது. குழு கேட்பது வேறு: அந்தக் குடியால் பிள்ளைக்கு என்ன ஆகிறது?

'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' யார் என்பதற்குச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. நமக்குத் தேவையானவை இரண்டு. கூட வசிப்பவர் பிள்ளையைக் காயப்படுத்துகிறார், கொடுமைப்படுத்துகிறார், கவனிக்காமல் விடுகிறார் என்பது ஒன்று. பெற்றோர் இருந்தும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தகுதியோ திறனோ அற்றவர் என்று குழுவே முடிவு செய்வது இன்னொன்று. உங்கள் பேச்சும் காகிதமும் இந்த இரண்டில் ஒன்றைக் காட்ட வேண்டும்.

முதல் விசாரணையில் நான் எங்கள் மாப்பிள்ளையைப் பற்றியே பத்து நிமிடம் பேசினேன். எத்தனை கடன், எத்தனை சண்டை, தங்கை நகையை எப்படி விற்றார் என்று. குழுத் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிள்ளை கடைசியா எப்ப ராத்திரி சாப்பிட்டுத் தூங்கினா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

3. ஒரு நோட்டும் சில காகிதங்களும்

போவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதத் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வரி போதும். "12ஆம் தேதி. இரவு அப்பா வரவில்லை. ஒன்பது வயதுப் பெண் நான்கு வயதுத் தம்பியோடு தனியாக இருந்தாள். பக்கத்து வீட்டில் சோறு கொடுத்தார்கள்." இப்படிப்பட்ட வரிக்கு உள்ள எடை, "எப்பவும் குடிதான்" என்ற வரிக்கு இல்லை. நேரில் பார்த்ததையும் பிறர் சொன்னதையும் பிரித்து எழுதுங்கள். சொன்னது யார் என்ற பெயர் இருந்தால் விசாரணைக்கு வருபவர் அவரிடமே கேட்டுக்கொள்வார்.

காகிதங்களில் மிகவும் உதவுவது பள்ளி வருகைப் பதிவு. எங்கள் விஷயத்தில் முடிவை மாற்றியது அதுதான். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குடி, திங்கட்கிழமை எழுந்து பிள்ளையைக் கிளப்ப ஆளில்லை. பதிவேட்டில் திங்கட்கிழமைகள் மட்டும் வரிசையாக வெறுமையாகக் கிடந்தன. அதைக் காட்டிய வகுப்பு ஆசிரியர் கண்கலங்கிவிட்டார். தலைமை ஆசிரியரிடம் ஒரு கடிதமாகக் கேளுங்கள். தயங்கினால், குழுவே பள்ளியிடம் கேட்டு வாங்கட்டும் என்று மனுவில் எழுதுங்கள்.

சின்னப் பிள்ளை என்றால் அங்கன்வாடியில் எடுத்த எடைக் குறிப்பு, தடுப்பூசி அட்டை. அடிபட்டிருந்தால் அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு. காவல் நிலையத்தில் முன்பு புகார் கொடுத்திருந்தால் சி.எஸ்.ஆர். ரசீது. 1098க்கு அழைத்திருந்தால் அழைத்த தேதி. இவற்றோடு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை நகல், அம்மா இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அப்பா குடித்துவிட்டு விழுந்து கிடப்பதையும் பிள்ளை அழுவதையும் வீடியோ எடுத்து வாட்ஸப்பில் சுற்றவிடாதீர்கள். இப்படி விசாரணையில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது சட்டப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதைவிட, நாளை அந்தப் பிள்ளை படிக்கப் போகும் பள்ளியில் எல்லார் போனிலும் அந்த வீடியோ இருக்கும்.

4. பிள்ளை யாரிடம் இருக்கும்? வீட்டுக்குள் பேசி முடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் அதிகம் அழுதிருக்கிறார்கள். குழு முன்னால் நிற்கும்போது, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால், பிள்ளை அன்றைக்கே குழந்தைகள் இல்லத்துக்குப் போகும். குழுவுக்கு வேறு வழி இல்லை. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைவிடப்பட்டதாகத் தோன்றினால் தத்து நிறுவனத்துக்கே அனுப்பப்படலாம்.

அதனால் பாட்டி, சித்தி, பெரியப்பா, மாமா என்று எல்லாரும் உட்கார்ந்து பேசுங்கள். எங்கே தூங்கும், யார் பள்ளியில் விடுவது, காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது என்பது வரை பேசுங்கள். பாட்டிக்கு எழுபது வயது என்றால் கூடவே ஒரு சித்தியோ மாமாவோ பொறுப்பேற்பதாக எழுதிக் கொடுங்கள். வயது ஒன்றே காரணமாகப் பாட்டி மறுக்கப்படுவது அப்போது குறையும். அண்ணன் தங்கையைப் பிரித்து ஆளுக்கொரு வீட்டில் வைக்கலாம் என்ற யோசனை கட்டாயம் வரும். முடிந்தவரை விடாதீர்கள். அம்மாவை இழந்த பிள்ளைகளுக்கு மிச்சம் இருப்பது அவர்கள் இருவரும்தான்.

அப்பா வழி உறவினரையும் கூப்பிட்டுப் பேசிவிடுவது நல்லது. பிறகு, "எங்களைக் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்று வந்து நின்றால் விசாரணை இழுத்துக்கொண்டே போகும்.

5. மனு எழுதுவது

ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. தலைவருக்கு முகவரியிட்டு எழுதுங்கள். வக்கீல் கட்டாயம் இல்லை. வேண்டும் என்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இந்த உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

முதல் பத்தியில் பிள்ளையின் பெயர், வயது, பள்ளி, இப்போது யாரிடம் இருக்கிறது. இரண்டாவதில், நோட்டிலிருந்து எடுத்த நாலைந்து சம்பவங்கள் தேதியோடு. மூன்றாவதில், யார் பார்த்துக்கொள்ள முன்வருகிறார், எப்படி. கடைசியில், என்ன கேட்கிறீர்கள் என்று தெளிவாக: "பிள்ளைகளைத் தாய்வழிப் பாட்டியிடம் தகுதியான நபர் என்ற முறையில் பராமரிப்புக்கு ஒப்படைக்க வேண்டுகிறேன்." இந்தக் கடைசி வரி இல்லாத மனுக்கள்தான் அதிகம். கேட்டால்தானே கொடுப்பார்கள்.

இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கால வரம்புகள் எல்லாம் தேதியை வைத்துத்தான்.

6. குழுவின் முன் முதல் நாள்

பிள்ளையை உறவினரோ பொதுநல அக்கறை உள்ள எவருமோ அழைத்துப் போகலாம். காவலர், மருத்துவர், சமூகப் பணியாளர், 1098 ஊழியர்கள் யாரும் போகலாம். பிள்ளை தானாகவே போய் நிற்கவும் சட்டம் இடம் தருகிறது. வெளியே எடுத்த பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் ஒப்படைத்தாக வேண்டும். அன்று குழு கூடாத நாள் என்றால் ஒரே ஓர் உறுப்பினர் முன் நிறுத்தினாலும் போதும். இது தெரியாமல், "திங்கட்கிழமை பார்த்துக்கலாம்" என்று வைத்திருந்தால் கடத்தல் புகார் உங்கள் மேல் வரலாம்.

குழு பிள்ளையிடம் தனியாகப் பேசும். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். பாடம் ஒப்பிக்கும் பிள்ளையை அவர்கள் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். எங்கள் மருமகள், அதாவது தங்கையின் மகள், "அப்பாவை எனக்குப் பிடிக்கும், குடிச்சா மட்டும் பயமா இருக்கு" என்றாளாம். என் அம்மாவுக்கு அது வருத்தம். ஆனால் அந்த ஒரு வாக்கியம், நாங்கள் கட்டிவைத்த மனுவைவிட நேர்மையாக இருந்தது.

வழியில் பிள்ளையிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: நீ எந்தத் தப்பும் செய்யவில்லை, அப்பாவைப் பற்றிச் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது, ராத்திரி நீயும் தம்பியும் ஒரே இடத்தில்தான் இருப்பீர்கள். கடைசியானது உறுதியாகத் தெரியாவிட்டால் அதைச் சொல்லாதீர்கள். அப்புறம், சாப்பாடும் ஒரு மாற்றுத்துணியும் எடுத்துப் போங்கள். நாள் முழுக்கக் காத்திருக்க நேரலாம்.

7. வீட்டுக்கு விசாரணைக்கு வருவார்கள்

சமூகப் பணியாளர் அல்லது குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அலுவலர் அப்பா வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் வந்து சமூக விசாரணை அறிக்கை எழுதுவார். இதைப் பதினைந்து நாளில் முடிக்க வேண்டும், பிள்ளையை முதலில் நிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் குழு இறுதி உத்தரவு போட வேண்டும் என்பது சட்டம். பதினைந்து நாள் தாண்டியும் யாரும் வரவில்லை என்றால், முத்திரை வாங்கிய நகலோடு போய் நினைவுபடுத்துங்கள். கோபப்பட வேண்டாம். ஒரு மாவட்டத்துக்கே கொஞ்சம் பேர்தான் வேலை செய்கிறார்கள்.

வருபவருக்காக வீட்டை ஜோடிக்க வேண்டாம். ஓட்டு வீடு, ஒரே அறை என்பதெல்லாம் தடையில்லை. வேறு யாராவது இந்த வீட்டில் குடிக்கிறார்களா என்று கட்டாயம் கேட்பார். மறைக்காதீர்கள். அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார், எப்படியும் தெரிந்துவிடும்.

8. உத்தரவை வரிவரியாகப் படியுங்கள்

பெற்றோர் உரிமை பற்றிய குழப்பம் எல்லாம் இங்கேதான். குழு போடக்கூடிய உத்தரவுகள் பல வகை. கண்காணிப்போடு பெற்றோரிடமே திருப்பி அனுப்பலாம். தகுதியான நபரிடம் குறுகிய காலத்துக்கோ நீண்ட காலத்துக்கோ விடலாம். வளர்ப்புப் பராமரிப்புக் குடும்பத்திடமோ (தத்து எடுக்காமல் வளர்க்கும் வேறொரு குடும்பம்) இல்லத்திலோ வைக்கலாம். இறுதி உத்தரவுக்குக் குறைந்தது மூன்று உறுப்பினர் இருக்க வேண்டும். கையெழுத்தை எண்ணிப் பாருங்கள்.

இவை எதிலும் அப்பாவின் பெற்றோர் உரிமை அழிவதில்லை. பிள்ளை யாரிடம் வளரும் என்பதுதான் மாறுகிறது. குடிக்கிறார் என்ற ஒரே காரணத்தால் யாருடைய உரிமையும் நிரந்தரமாகப் போகாது. பாட்டிக்குச் சட்டப்படியான காப்பாளர் என்ற தகுதி வேண்டும் என்றால், அதற்கு 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் போக வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்போது அவர் தகுதியற்றவர் என்று காட்டினால்தான் அங்கே வேறொருவரை நியமிப்பார்கள். குழுவின் உத்தரவு அங்கே உங்களுக்குத் துணை நிற்கும். அதனால்தான் முதலில் குழு, பிறகு நீதிமன்றம் என்ற வரிசையைச் சொல்கிறேன்.

இன்னொரு காகிதம் இருக்கிறது: ஒப்படைப்புப் பத்திரம். பெற்றவர் இதில் கையெழுத்துப் போட்டால், பிள்ளையைத் தத்துக்கே விட்டுக்கொடுக்கிறார் என்று அர்த்தம். மனம் மாற இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அது கடந்தால் பிள்ளை தத்துக்குச் சட்டப்படி தடையற்றது என்று அறிவிக்கப்படும். இதை ஹாஸ்டல் விண்ணப்பம் என்று நினைத்துக் கைநாட்டு வைக்கப் போன ஓர் அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். கணவர் குடி, அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, மூன்றாவது பெண் குழந்தைக்கு ஒரு வயது. நல்லவேளை, படித்துக் காட்டிய ஆலோசகர் ஒருவர் இருந்தார். 'ஒப்படைப்பு', 'தத்து' என்ற சொற்கள் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். தற்காலிகமாகப் பிள்ளையை விட இந்தப் பத்திரம் தேவையே இல்லை.

உத்தரவு தப்பு என்று நினைத்தால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் (வளர்ப்புப் பராமரிப்பு உத்தரவு என்றால் மாவட்ட ஆட்சியரிடம்) மேல்முறையீடு செய்யலாம். இது அப்பாவுக்கும் உண்டு.

9. பிள்ளையைத் திரும்பப் பெற அப்பா செய்ய வேண்டியது

இதைப் படிப்பவர் அப்பாவாகவே இருந்தால், உங்களுக்கும் வழி இருக்கிறது. பிள்ளையைச் சொந்தக் குடும்பத்தில் திரும்பச் சேர்ப்பதுதான் சட்டத்தின் முதல் நோக்கம்.

தினமும் அதிகம் குடித்தவர் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்த முயல வேண்டாம். இரண்டு மூன்று நாளில் வலிப்பும் சித்தக் குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சிகிச்சை கிடைக்கும். 14446 என்ற எண்ணில் எங்கே போகலாம் என்று கேட்கலாம். வீட்டார் சாம்பாரில் மாத்திரை கலந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த டைசல்ஃபிராம் மாத்திரை உள்ளே போனது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து இறந்துபோகக்கூடும்.

சிகிச்சைக்குப் போனால் ஒவ்வொரு முறையும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பிள்ளையைப் பார்க்க நாள் குறித்துக் கொடுத்தால் அந்த நாளில் போங்கள், குடிக்காமல் போங்கள். குடித்திருந்தால் அன்று போகாமல் போன் செய்து சொல்லிவிடுவது மேல். மறுபடி சறுக்கல் வந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் போனவரை, மறைத்துப் பிடிபட்டவரைவிட குழு அதிகம் நம்புகிறது. இதை நான் இரண்டு குடும்பங்களில் நேரில் பார்த்தேன்.

உறவினர்களுக்கு ஒன்று: பிள்ளை முன்னால் அப்பாவைத் திட்டாதீர்கள். பார்க்க வருவதைத் தடுக்காதீர்கள். உத்தரவில் சந்திப்பு இருந்தும் தடுத்தால், அடுத்த விசாரணையில் அது உங்களுக்கு எதிராக நிற்கும்.

10. உத்தரவு கைக்கு வந்த பிறகு

பத்து நகல் எடுங்கள். ஒன்று பள்ளிக்கு, ஒன்று உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு, ஒன்று எப்போதும் பாட்டியின் பையில். அப்பா குடித்துவிட்டு வாசலில் நின்றால் வாக்குவாதம் வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு 112.

நடுவருடத்தில் பள்ளி மாறினால், மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அப்பா கையெழுத்துக்காகக் காத்திருந்து ஒரு பருவத்தை இழக்காதீர்கள்.

மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய் வரை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தானாக வராது, குழந்தைகள் பாதுகாப்பு அலகில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்றிதழ் வாங்கவே நாள் பிடிக்கும் என்பதால் விசாரணை நடக்கும்போதே தொடங்கிவிடுங்கள். பணம் வரும் கணக்கு குடிப்பவர் கைக்கு எட்டாததாக இருக்கட்டும்.

எங்கள் மருமகள் இப்போது ஏழாம் வகுப்பு. மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அப்பா வருகிறார். வராத மாதமும் உண்டு. அவள் நோட்டில் தேதி போட்டு வைத்துக்கொள்கிறாள். அடுத்த ஆய்வுக்குக் குழு முன் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போகிறோம்.